உப்புக் கணக்கு

சாட்சிக் கூண்டில் என் பெயரை
மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.
மருதமுத்து என்று கப்பலேறிய முப்பாட்டன்
போர்ட் லூயியில் இறங்கும்போது
ஓர் எழுத்தரின் கைபட்டு மார்தேமுத்தூ ஆனான்.
அது போகட்டும்.
அவர்களுக்கு வேண்டியது பம்பு எண்.

நான்கு, என்றேன். நான்காம் ஆழ்துளை.
எண்பத்திரண்டு மீட்டர். மேலும் கீழும் கருங்கல்,
நடுவே பொரபொரவென்று ஒரு செம்பாறை.
அதற்குள்தான் தண்ணீர் நடக்கும்.

மொழிபெயர்க்கும் பெண் நிமிர்ந்தாள்:
"நடக்குமா, ஓடுமா?"

நடக்கும் அம்மா.
மலையிலிருந்து கடலுக்கு, அவசரமில்லாமல்,
கரும்பு வேருக்கு அடியில்,
பூத்ர தோரில் எங்கள் கட்டில்களுக்கு அடியில்,
யார் நிலம் என்று கேட்காமல்.
ஓட வைத்தது நாங்கள்தான்.

எதிர் வரிசையில் கோகிலம்.
வாதிகளில் பதினேழாவது பெயர். என் மனைவி.
காலையில் ஒரே பஸ்ஸில் வந்தோம்:
நான் கம்பெனிச் சட்டையோடு முன்னால்,
அவள் தக்காளித் தோட்டக்காரிகளோடு பின்னால்.
பராத்தாப் பொட்டலம் மட்டும் ஒன்று,
அது அவள் மடியில்.

நேற்று அவளைக் கேட்டார்கள்:
கிணறு எந்தத் தேதியிலிருந்து கரிக்கிறது?
தேதி தெரியாது, என்றாள்.
சோற்றுக்கு நான் உப்புப் போடுவதை
நிறுத்திய நாளிலிருந்து.
பின்னால் சிரித்தார்கள்.
நீதிபதி சிரிக்கவில்லை, எதையோ எழுதினார்.

கம்பெனியின் நிபுணர் வண்ணப் படம் விரித்தார்.
கடல் உள்ளே வருவது இயற்கையாம்.
மூன்று வருடமாய்ப் புயல் பொய்த்ததாம்.
அதுவும் உண்மைதான்.
புயல் அடிக்காமல் இந்தத் தீவில் கிணறு நிறையாது.
கூரை போனால் போகட்டும், வந்து தொலை என்று
ஜனவரி முழுக்க ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
பெயர் வைத்த புயல்கள் எல்லாம்
பெயரோடு விலகிப் போயின.

அப்புறம் என்னிடம் திரும்பினார் வக்கீல்.
எத்தனை வருட வேலை? பத்தொன்பது.
சம்பளம் ஒரு மாதமாவது பிந்தியதுண்டா? இல்லை.
மகளின் படிப்புக்குக் கடன்? கொடுத்தார்கள்.
குரலை உயர்த்தவேயில்லை, நயமான மனிதர்.
இவ்வளவையும் தமிழில் ஒரே வரியில் கேட்டிருக்கலாம்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
பள்ளிக்கூடத்தில் நூறு முறை எழுதினேன்.
எந்த உப்பு என்று
வாத்தியார் சொல்லித் தரவில்லை.

நோட்டுகள் இரண்டு.
பச்சை அட்டை ஆய்வாளருக்கு:
நாளுக்குப் பத்து மணி நேரம், அனுமதித் தாளில் உள்ளபடி.
காக்கி அட்டை மெக்கானிக்குக்கு.
பேரிங் எப்போது தேயும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்,
அதற்கு ஓடிய மணி ஓடியபடியே வேண்டும்.
ஆய்வாளரிடம் சொல்வதை
இரும்பிடம் சொல்ல முடியாது.

எதைக் கொண்டுவர வேண்டும் என்று
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
பச்சைதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பையைத் திறந்தேன்.
கிரீஸ் படிந்த காக்கி அட்டை.
திங்கள் இருபத்தொன்று, என்று வாசித்தேன்.
செவ்வாய் இருபத்திரண்டு.
புதன் இருபது. மின்சாரம் போயிருந்தது.
கோகிலம் என்னைப் பார்க்கவில்லை,
பொட்டலத்தின் முடிச்சை
அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு மார்ச்சுக்கு ஒத்திவைப்பு.

என்னை நிறுத்தும் கடிதம் இன்னும் வரவில்லை.
அதனால் ராத்திரி ஷிப்டுக்குப் போனேன்.
காவலாளி லூசியேன் சாவியைத் தந்தான்,
வழக்கமாகக் கேட்கும் சிகரெட்டைக் கேட்கவில்லை.
தொட்டிகளில் நீலம் காத்திருந்தது.
பச்சைப் பொத்தான்.
நான்காம் எண் இருமி, எழுந்து, இழுக்கத் தொடங்கியது.

காக்கி நோட்டு கோர்ட்டில் இருக்கிறது.
உள்ளங்கையில் எழுதினேன்: பத்து ஐந்து.
வியர்வையில் அழிந்துவிடாமல்
கையை விரித்துப் பிடித்தபடி
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.